ஒத்துப் பார்த்தல்

சென்ற இதழில் நண்பர் ஒருவர், பிரதிகளை ஒப்புநோக்கிக்கொண்டிருப்பது குமாஸ்தா வேலை, அதை விமர்சனத்தோடு சேர்த்துப் பேசுவது விமர்சனத்துக்கு இழுக்கு என்று எழுதியிருந்தார். குமாஸ்தா என்ற வார்த்தையை வசவாகத்தான் பிரயோகித்திருக்கிறார் என்பது தெரிகிறது. நான் குமாஸ்தா. தங்கச்சிமடத்தில் ஒரு வங்கிக் கிளையில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்த ஒத்துப் பார்க்கும் வேலையைத்தான் செய்து சம்பளம் வாங்குகிறேன். ஆகவே கோபித்துக்கொள்ள எனக்கு ஒரு தனி உரிமை உண்டு. ஆனால் கோபம் வரவில்லை. நண்பர் சொல்வதில் பாதி சரி, மீதிப் பாதியில் அவருக்குத் தெரியாத ஒரு பயங்கரம் இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. அந்தப் பயங்கரம் எனக்கே சமீபத்தில்தான், அதுவும் இலக்கியத்துக்கு வெகு தூரத்திலிருந்து, தெரியவந்தது. இந்தப் பத்திரிகையில் இதற்கென்ன இடம் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் சித்தப்பா மகன் சென்னையில் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். பெரும்பாலும் ராத்திரி வேலை. 2025 ஜூலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்கு, புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடுவதைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று, போட் மெயிலில் வந்திறங்கினான். லீவு கிடைக்கவில்லை, வேலையை லாப்டாப்பில் கையோடு கொண்டுவந்திருந்தான். மொட்டை மாடியில், கோவில் ஒலிபெருக்கி ஒரு பக்கமும் கொசு ஒரு பக்கமுமாக, விடிய விடிய அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டேன்.

“பேரேடு டாலி பண்றேண்ணே. ஒங்க வேலைதான்” என்றான்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இன்டர்நெட் என்பது ஒரே வலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. 70,000க்கும் மேற்பட்ட தனித்தனி வலைகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதற்குத்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு வலைக்கும் ஓர் எண் உண்டு. ஒவ்வொன்றின் வசமும் சில முகவரித் தொகுதிகள் உண்டு. ஒரு வலை தன் பக்கத்து வலையிடம், இன்ன முகவரிகளுக்குப் போக வேண்டியதையெல்லாம் என்னிடம் கொடு, நான் சேர்ப்பிக்கிறேன் என்று சொல்லும். பக்கத்து வலை அதைத் தன் பக்கத்து வலையிடம் சொல்லும். இப்படிக் காதோடு காதாக அந்தச் செய்தி சில நிமிஷங்களில் உலகத்தைச் சுற்றிவிடும். சொல்கிறவன் சொல்வது உண்மையா என்று பார்ப்பதற்கு அந்த ஏற்பாட்டுக்குள் எந்த வழியும் வைக்கப்படவில்லை. 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் நடந்த ஒரு கூட்டத்தின்போது, சாப்பாட்டு மேஜையில் கர்க் லோகீட், யாக்கவ் ரெக்டர் என்ற இரண்டு எஞ்சினீயர்கள் கை துடைக்கும் காகிதங்களில் எழுதிய திட்டம் அது. பி.ஜி.பி. என்று பெயர். அன்றைக்கு இருந்த வலைகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். நம் சிறுபத்திரிகை உலகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், நம்மிடம் இல்லாத பரஸ்பர நம்பிக்கை அவர்களிடம் இருந்தது என்பதைத் தவிர.

இந்த நம்பிக்கைக்கு என்ன நேரும் என்பதற்கு உதாரணம், 2008 பிப்ரவரி 24ஆம் தேதி. யூட்யூபை அடைக்கும்படி பாகிஸ்தான் அரசு உத்தரவு போட்டிருந்தது. பாகிஸ்தான் டெலிகாம், யூட்யூபுக்குச் சொந்தமான 1,024 முகவரிகளில் 256 தன்னிடம் இருப்பதாக ஓர் அறிவிப்பைத் தயார் செய்தது. நாட்டுக்குள் மட்டும் சொல்ல வேண்டியதை வெளியேயும் சொல்லிவிட்டது. ஹாங்காங்கைச் சேர்ந்த பி.சி.சி.டபிள்யூ. என்ற பெரிய வலை அதைச் சரிபார்க்காமல் வாங்கி உலகத்துக்குச் சொன்னது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உலகத்தின் பெரும்பகுதியில் யூட்யூபைத் தேடிப் போனதெல்லாம் பாகிஸ்தானுக்குள் போய் விழுந்து மறைந்தது. இதில் ஸ்வாரஸ்யமான விஷயம், பி.ஜி.பி.யின் ஒரு விதி: அகலமான அறிவிப்பும் குறுகலான அறிவிப்பும் மோதினால் குறுகலானதே ஜெயிக்கும். குறிப்பாகச் சொல்கிறவனை நம்பு என்பது விமர்சனத்திலும் நல்ல விதிதான். பொய்யையும் குறிப்பாகச் சொல்ல முடியும் என்பதை நாமும் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

நம் ஊர்க்காரர்களும் இதில் பின்தங்கவில்லை. 2015 நவம்பர் 6ஆம் தேதி ஏர்டெல்லின் வலை, பிறருடைய 16,000க்கு மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தன்னுடையவை என்று அறிவித்துவிட்டது. 2021 ஏப்ரல் 16ஆம் தேதி வோடஃபோன் ஐடியாவின் வலை 30,000க்கு மேற்பட்டவற்றை அறிவித்தது. இரண்டும் கைத்தவறுகள் என்றே கருதப்படுகின்றன. திருட்டைவிடக் கைத்தவறு பெரிய காரியங்களைச் சாதிக்கிறது என்பது வங்கியில் இருக்கும் எவனுக்கும் தெரிந்ததே.

இந்தக் குறைக்கு மாற்றாக வந்தது பதிவேடு. எந்த முகவரித் தொகுதியை எந்த எண்ணுள்ள வலை அறிவிக்கலாம், அந்தப் பதிவைப் பராமரிக்கும் உரிமை யாருக்கு, பதிவு எந்தப் பேரேட்டைச் சேர்ந்தது, இப்படி நாலைந்து வரி. பக்கத்து வலை ஏதாவது சொன்னால் அதைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, இருந்தால் ஏற்றுக்கொள்வது, இல்லாவிட்டால் தள்ளுவது. யோக்கியமான வலைகள் தினமும் பதிவேட்டிலிருந்து ஒரு வடிகட்டி தயாரித்துத் தங்கள் ரூட்டர்களில் ஏற்றிக்கொள்கின்றன. ஐரோப்பாவில் ரைப் என்கிற அமைப்பு இதைத் தொடங்கியது. அமெரிக்காவில் மிச்சிகனைச் சேர்ந்த மெரிட் 1995இல் ஆர்.ஏ.டி.பி. என்ற பதிவேட்டைத் திறந்தது. ஆசியாவுக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக். பெரிய கம்பெனிகள் சில தமக்கென்று தனியாகவும் வைத்துக்கொண்டன.

பதிவேடு ஒன்றாக இருந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும், என் சித்தப்பா மகனுக்கும் தூங்க முடிந்திருக்கும். பல பதிவேடுகள், யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை. ஒவ்வொரு இடமாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் ஒவ்வொரு பதிவேடும் மற்றதன் நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. மிரர் என்கிறார்கள். கண்ணாடி என்று மொழிபெயர்த்தால் அர்த்தம் கெட்டுவிடும். கண்ணாடி முன்னால் நிற்கிறவன் நகர்ந்தால் பிம்பமும் நகரும். இது அப்படியில்லை. எங்கள் ஊர் மல்லிகைப் பதியன் மாதிரி. தங்கச்சிமடத்து மணலில் பதியன் போட்டு வேர்விட்ட நாற்று லாரியில் ஏறி எங்கெங்கோ போகிறது. போன பிறகு தாய்ச்செடிக்கு நோய் வந்தால் நாற்றுக்குத் தெரியாது.

தெரியப்படுத்துவதற்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். மூலப் பதிவேட்டில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை எண். சேர்த்தால் ‘ஏடிடி’ என்று ஒரு வரி, அழித்தால் ‘டெல்’ என்று ஒரு வரி. நகல் வைத்திருப்பவன் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை, என்னிடம் இன்ன எண் வரை இருக்கிறது, மேற்கொண்டு கொடு என்று கேட்பான். மூலம் கொடுக்கும். அவ்வளவுதான். பழைய காலத்தில் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு வரவுச் சீட்டு தபாலில் போகுமே, அதேதான். தபால்காரர் மட்டும் இல்லை.

கெடுவது எங்கே என்றால், எண் விட்டுப்போகும் இடத்தில். நகல் வைத்திருப்பவனின் மெஷின் நாலு நாள் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலம் பழைய மாற்றங்களை என்றென்றைக்கும் வைத்திருக்காது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பழையதைக் கழித்துவிடும். இவன் கேட்கும் எண் அங்கே இருக்காது. அப்போது நகல் முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டு முழுப் பதிவேட்டையும் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும். அதுதான் யோக்கியமான வழி. விட்டுப்போன இடத்தைத் தாண்டிக் குதித்து அடுத்த எண்ணிலிருந்து தொடர்வது சோம்பேறியின் வழி. அப்படித் தொடர்ந்தால் வெளியே பார்க்க எல்லாம் ஒழுங்காக நடக்கும். எண் ஏறும். புதிது வரும். உள்ளே செத்தது கிடக்கும். போதாக்குறைக்கு இந்தப் பழைய ஏற்பாட்டில் வருகிற வரி உண்மையிலேயே மூலத்திலிருந்து வந்ததா, வழியில் யாராவது கை வைத்தார்களா என்று சொல்ல ஒரு கையெழுத்தும் கிடையாது. கையெழுத்தோடு கூடிய நான்காம் வடிவம் ஒன்று சமீப வருஷங்களில் தயாராகியிருக்கிறது. 2000ஆம் வருஷமே நகல்களின் ஒழுங்குக்கு விரிவான ஒரு திட்டம் எழுதி வெளியிட்டார்கள், அது பரவவில்லை. நல்ல திட்டங்கள் பரவாமல் போவது பற்றி இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிரவு அவன் சொன்னதில் எனக்குள் தைத்துக்கொண்டது ஒரு வாக்கியம்.

“சேக்குறது விட்டுப்போனா ஆளு கத்திக்கிட்டு வந்துருவான்ணே, அவன் வழி அடைபட்டுக் கெடக்கும்ல. அழிக்கிறது விட்டுப்போனா ஒருத்தனும் வரமாட்டான்.”

வங்கியிலும் இது சத்தியம். வரவு விட்டுப்போனால் மறுநாள் காலை பத்து மணிக்கு மனிதர் கவுண்டரில் நிற்பார். நீக்க வேண்டியது நீங்காமல் இருந்தால் யாருக்கும் அவசரமில்லை. 1992 ஹர்ஷத் மேத்தா விவகாரம் முழுக்க அந்த அவசரமின்மைக்குள்தான் நடந்தது. கடன்பத்திரம் ஒரு பேரேட்டில் கைமாறியதாக வங்கி ரசீது சொல்லும். ரிசர்வ் வங்கியின் பேரேடு அதைச் சொல்லாது. இரண்டையும் ஒத்துப் பார்க்காத நாட்களுக்குள் கோடிக்கணக்கில் பணம் போய் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிசாகப் போவானேன். 2019க்கும் 2021க்கும் இடையில் வங்கிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டபோது பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லாமல் போயின. எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் வளைகுடாவில் இருந்துகொண்டு, எப்போதோ மொபைலில் குறித்து வைத்திருந்த குறியீட்டுக்கே பணம் போட்டார்கள். இங்கே அம்மாக்கள் தினமும் வந்து நின்றார்கள். குறியீட்டை அழித்தவர் எங்கோ ஓர் அலுவலகத்தில் அழித்துவிட்டார். பிள்ளையின் மொபைலுக்கு டெல் வரி போகவில்லை.

இனி நண்பருக்கு வருகிறேன். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்ததும் ஒத்துப் பார்ப்பதுதான். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்டது. எது மூலத்துக்கு நெருங்கியது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. 2000இல் ஆ.இரா.வேங்கடாசலபதி கொண்டுவந்த புதுமைப்பித்தன் கதைகளின் பதிப்பு, பத்திரிகையில் வந்த பாடத்தையும் புத்தகத்தில் வந்த பாடத்தையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைக் கொடுத்தது. நண்பரின் வார்த்தையில் இவையெல்லாம் குமாஸ்தா வேலை. இருக்கட்டும். ஆனால் இந்த இரண்டு குமாஸ்தாக்களும் வேலை செய்யும் திசை நேர் எதிர் என்பதை நண்பர் கவனித்திருக்கிறாரா? ஏடு பார்ப்பவன் பின்னால் போகிறான். பிந்தைய பாடத்தில் அவனுக்குச் சந்தேகம், முந்தையதில் மரியாதை. வலைக்காரனுக்கு முந்தையதில் சந்தேகம். கடைசி எண்ணே உண்மை. எழுத்தாளன் ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டான், அந்த அடித்தல் ஏதோ ஒரு பிரதிக்குப் போய்ச் சேரவில்லை, பழைய பத்திரிகையில் வாக்கியம் உயிரோடு இருக்கிறது என்றால் நமக்கு அது புதையல். வலையில் அதே காரியம் விபத்து. அங்கே செத்த பதிவு ஒன்று கிடந்தால், அந்த எண்ணைக் கையில் வைத்திருக்கும் எவனும் அந்த முகவரியைத் தன்னுடையது என்று அறிவிக்கலாம். வடிகட்டி அதை உள்ளே விடும். செத்தவன் பெயரால் வாசல் திறந்திருக்கிறது.

நமக்குப் புதையல், அவர்களுக்கு விபத்து என்று பிரித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். நான் இருக்கும் ஊர் அதற்கு விடவில்லை.

இந்தத் தீவில் நீக்கப்படாத பதிவுகள் அதிகம். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது 1964 டிசம்பரில். அதற்கு முன் பாம்பனிலிருந்து ரயில் தனுஷ்கோடிக்குப் போகும்; அங்கிருந்து கப்பலில் தலைமன்னார்; அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு. 1914இல் ஏற்பட்ட வழி. அந்தக் கப்பலால் வந்த பெயர் போட் மெயில். கப்பல் போய், கப்பல்துறை போய், தண்டவாளமும் மண்ணுக்குள் போய்விட்டது. என் சித்தப்பா மகன் வந்திறங்கிய ரயிலுக்கு இன்னும் போட் மெயில் என்றுதான் பெயர். ஊரின் பெயரே ஒரு பழைய பதிவுதான். விஜயரகுநாத சேதுபதியின் மருமகன், பாம்பனைக் கடந்து ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களிடம் சுங்கம் பிடுங்கினானாம். மாமனார் மரண தண்டனை விதித்தார். அவனுக்கு மனைவிகளாயிருந்த சேதுபதியின் இரண்டு மகள்களும் உடன்கட்டை ஏறினார்கள். அக்காள் நினைவாக ஒரு மடம், தங்கச்சி நினைவாக ஒரு மடம். இப்படித்தான் கதை சொல்வார்கள். பிறர் போகும் வழியைத் தன்னுடையது என்று அறிவித்தவனின் பெயர் ஊரில் நிறையப் பேருக்குத் தெரியாது. இரண்டு பெண்களும் ஊர்களாக இருக்கிறார்கள்.

இதைச் சொன்னது ஒரு அலங்காரத்துக்காக இல்லை. என் சித்தப்பா 2016 டிசம்பரில் கடலுக்குப் போனார். நாட்டுப்படகு. கூடப் போனவர் இருவர். ஒருவர் மூன்றாம் நாள் கரையில் கிடைத்தார். படகின் பலகை ஒன்று கிடைத்தது. சித்தப்பாவும் இன்னொருவரும் கிடைக்கவில்லை.

கிடைக்காதவர் சட்டப்படி சாகவும் முடியாது. ஏழு வருஷம் அவரைப் பற்றி, தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஒன்றும் தெரியவராமல் இருந்தால்தான் இறந்ததாக அனுமானிக்கலாம். அப்போது சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. 2023இல் இயற்றிய புதிய சட்டத்தில் அதுவே 111. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு பதிவேடும் தன் போக்கில் போயிற்று. ரேஷன் கார்டில் சித்தப்பா இருந்தார். வாக்காளர் பட்டியலில் ஒரு தேர்தலில் இருந்தார், அடுத்ததில் இல்லை. யார் சொல்லி எடுத்தார்கள் என்று இன்று வரை தெரியாது. கோவிலில் கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். சித்தி எழுதிக் கொடுக்கவில்லை, சாமியார் கேட்கவுமில்லை. என் கிளையில் அவருடைய சேமிப்புக் கணக்கு இருந்தது. கடைசி வரவு 2016 நவம்பர்: செல்லாமல் போன ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைக் கொண்டுவந்து கட்டினார். அன்று வரிசை தெருவரைக்கும் நின்றது. சீட்டில் முத்திரை வைத்தது நான்தான். என்னடா மகனே, இதெல்லாம் காகிதமாப் போச்சா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு கூட்டம்.

2017 மார்ச்சில் சித்தி கவுண்டருக்கு வந்தாள். கையில் பாஸ்புக்கும் ஒரு பணம் எடுக்கும் சீட்டும். சீட்டில் சித்தப்பாவின் கையெழுத்து. கடலுக்குப் போகிறவர்கள் சிலர் இப்படி ஒன்றிரண்டு சீட்டில் கையெழுத்துப் போட்டு வீட்டில் வைத்துவிட்டுப் போவதுண்டு, ஆத்திர அவசரத்துக்கு. விதி அதற்கு இடம் கொடுக்காது. சின்னக் கிளைகளில் முகம் பார்த்து அனுமதிப்பதும் உண்டு. தொகை 6,000 ரூபாய். கையெழுத்து ஒத்துப்போயிற்று. மெஷினில் கணக்கு உயிரோடு இருந்தது. வேறு ஊர்க்காரன் எவனாவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால், வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கிறாராம்மா என்று கேட்டு, ஆமாம் என்று அவள் சொல்வதும் பொய்யாக இருந்திருக்காது, பணத்தைக் கொடுத்து அனுப்பியிருப்பான்.

எனக்குத் தெரியும். அதுதான் சங்கடம். மேஜைமேல் இருந்த பதிவேடு ஒன்று சொல்லிற்று, எனக்குள் இருந்தது வேறொன்று சொல்லிற்று. இரண்டையும் ஒத்துப் பார்த்தேன். ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாத சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் இல்லை சித்தி, இது செல்லாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. வாய்க்குப் பழகிப்போன வாக்கியம், தினமும் பத்துப் பேரிடம் சொல்வது, தானாக வந்துவிட்டது.

“சித்தப்பா நேர்ல வரணும் சித்தி” என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “சரிய்யா, வரட்டும்” என்று சொல்லிவிட்டு, சீட்டை மடித்துப் பாஸ்புக்குக்குள் வைத்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலமே என் பணத்தில் 6,000 கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அது வேறு கணக்கு.

2023 டிசம்பரோடு ஏழு வருஷம் ஆயிற்று. கோர்ட்டுக்குப் போக வேண்டிய காகிதங்களை நானே தயார் செய்தேன். மகன் கையெழுத்துப் போட்டான். சித்தி போடவில்லை. அழவில்லை, கோபப்படவில்லை. “பேங்குலயே வரணும்னு சொல்லியிருக்காங்கள்ல” என்றாள். சொன்னது பேங்க் இல்லை, நான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் பெற்றுக்கொண்ட வரி அதுதான். அதற்குப் பின் வந்தவற்றையெல்லாம் அவள் ஏற்றிக்கொள்ளவில்லை.

இந்தச் சித்தியின் மகன்தான் மொட்டை மாடியில் உட்கார்ந்து செத்த பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தவன். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் மேலே எழுதிய ஒவ்வொரு வரியும் உருவகமாகிவிடும் என்று பயந்தேன். அவன் வேலை உருவகம் இல்லை. உருவகத்துக்கு யாரும் ராத்திரி அலவன்ஸ் கொடுப்பதில்லை.

அவனிடம் கேட்டேன், யாருடைய பதிவு என்றே தெரியாமல் கிடப்பதை என்ன செய்வீர்கள் என்று. ஆர்.ஏ.டி.பி. மாதிரி பதிவேடுகளில் வெகு காலம், பணம் கட்டி உறுப்பினராக இருப்பவன் யாருடைய முகவரிக்கு வேண்டுமானாலும் பதிவு செய்துவிடலாம் என்ற நிலைமை இருந்தது. மேலே இருக்கும் பெரிய கம்பெனி, தன் வாடிக்கைக்காரனுக்காகத் தானே எழுதி வைக்கும். வாடிக்கைக்காரன் விலகிப் போய்விடுவான். எழுதி வைத்த ஆளும் வேலையை விட்டுப் போய்விடுவான். பதிவு கிடக்கும். முகவரிக்குச் சொந்தக்காரன் வந்து இதை அழியுங்கள் என்றால், நீ இதைப் பராமரிப்பவன் இல்லையே என்று பதில். அழிக்கும் உரிமை பராமரிப்பவனுக்கு மட்டும்தான்.

“இப்ப மாத்திட்டாங்கண்ணே” என்றான். முகவரியின் சொந்தக்காரன் தன் முகவரியை இன்ன வலைதான் அறிவிக்கும் என்று கணிதக் கையெழுத்திட்ட ஒரு சான்றை வெளியிடலாம். அந்தச் சான்றுக்கு முரணான பழைய பதிவுகளை, பராமரிப்பவனைக் கேட்டுக்கொண்டிராமல், ஓர் அறிவிப்பும் சில நாள் அவகாசமும் கொடுத்து அழித்துவிடலாம் என்று ரைப் விதி செய்துவிட்டது. 2018இலேயே இப்படி ஊர்பேர் தெரியாத பதிவுகளைத் தனியாக ஒரு பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஆரின் 2022 ஏப்ரலில் அந்த மாதிரியான தன் பதிவேட்டை அடியோடு மூடிவிட்டது. சரியான காரியம்தான். நான் அவனுடைய இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

வங்கியிலும் ஏறக்குறைய அப்படி ஒரு விதி இருக்கிறது. இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்கு இயங்காக் கணக்கு. பத்து வருஷம் தொடாவிட்டால் அதிலிருக்கும் பணம் 2014இல் ஏற்படுத்திய ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும். பிறகும் உரியவர்கள் வந்து கேட்டுப் பெறலாம். பணம் எங்கும் தொலைந்துவிடாது. சித்தப்பாவின் கணக்குக்கு 2026 நவம்பரோடு பத்து வருஷம். அம்மாவிடம் நீ ஒரு வார்த்தை சொல்லேன் என்றேன் அவனிடம்.

திரையைப் பார்த்தபடியே இருந்தான். கோவில் ஒலிபெருக்கி நின்றுபோயிருந்தது. “நான் சொன்னா அம்மா கையெழுத்துப் போடும்ணே” என்றான். “அதுக்குத்தான் சொல்லல.”

நண்பருக்கு என் பதில் என்னவென்று எனக்கே தெளிவாக இல்லை. ஒத்துப் பார்ப்பது மட்டும்தான் குமாஸ்தா வேலை என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, அதைச் செய்தேன். கையெழுத்தையும் ஒத்துப் பார்த்தேன், மனசையும் ஒத்துப் பார்த்தேன். ஒத்துப்போகவில்லை என்று கண்டபின் எந்தப் பிரதியைத் திருத்துவது என்ற கேள்வி எழுகிறதே, அதை எந்த விதிப் புத்தகமும் குமாஸ்தாவுக்கு விட்டுவைப்பதில்லை. ஆனால் கவுண்டரில் அது குமாஸ்தாவிடம்தான் வந்து நிற்கிறது. ஐயர் அவர்கள் ஏடுகளுக்கு நடுவே ராத்திரியெல்லாம் விழித்திருந்தாரே, அந்த விழிப்பு எந்த ஏட்டின் பொருட்டு என்று இப்போது யோசிக்கிறேன். பிழையான பாடம் என்று தெரிந்தும் அடிக்குறிப்பிலாவது அதை இருக்கவிட்டார்களே, அது வெறும் ஒழுங்குதானா? நண்பர் எழுதட்டும்.

அக்டோபர் முதல் வாரத்தில் சித்தி வந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். பாஸ்புக்கை மெஷினில் வைத்தேன். இயங்காக் கணக்கானாலும் சேமிப்பு வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஒரு வரி அச்சாயிற்று. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதற்கு மேலே உள்ள எல்லா வரிகளும் வட்டிதான். மடித்த சீட்டு பின்னட்டைக்குள் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

“போட்டிருக்காங்களா?” என்றாள்.

“போட்டிருக்கு சித்தி” என்றேன்.